சம்பளப் பட்டியலில் இருந்தவர்களை எண்ணுங்கள்

வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் முல்லைத்தீவிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,



2009ஆம் ஆண்டு ஜனவரி முதல் மே வரை முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் கடமையில் இருந்த அரசாங்க ஊழியர்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? எத்தனை பேர் காயப்பட்டார்கள்? எத்தனை பேர் காணாமல் ஆக்கப்பட்டார்கள்? இந்தக் கேள்வியை நீங்கள் ஆறு பேரும் ஒரே குரலில் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும். அதைக் கோரவே இந்த மடல். கிளிநொச்சி உங்கள் தேர்தல் மாவட்டத்துக்குள் வருவதில்லை என்பது தெரியும். யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர்களையும் கூட்டிக்கொண்டு கேளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற அரசாங்க இலிகிதர். வன்னியில் வேலை செய்த காலத்தின் பெரும்பகுதி சம்பளப் பட்டியல் தயாரிக்கும் மேசையில் போனது. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முள்ளிவாய்க்காலில் முடிந்த இறுதி யுத்தத்தில் இறந்த மக்களின் தொகை பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 40,000 வரை இறந்திருக்கலாம் என்றது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு, 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவல்களைச் சுட்டிக்காட்டியது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 146,679 என்ற எண்ணை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவுகள் சொன்ன 429,059 பேரிலிருந்து, அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்த 282,380 பேரைக் கழித்த கணக்கு அது. அரசாங்கமோ பொதுமக்கள் எவருமே இறக்கவில்லை என்பதிலிருந்து தொடங்கிப் பிறகு வேறு எண்களுக்கு வந்தது. எந்த எண்ணைச் சொன்னாலும் எதிர்த்தரப்பு அதற்கு ஆதாரம் கேட்கிறது.

அரசாங்க ஊழியர் விடயத்தில் அந்த வாதத்துக்கே இடமில்லை. நிரந்தர நியமனம் பெற்ற ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட கோவை ஒன்று இருக்கிறது. நியமனக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், சம்பள ஏற்றப் படிவம், வாழ்க்கைத் துணையின் பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத் திட்டத்துக்கு ஓர் இலக்கம் இருக்கும். மாதாமாதம் பட்டியலில் பெயர், பதவி, சம்பளம், கழிவு, கையொப்பம் என்று ஒரு வரி ஓடும். 2008 டிசம்பரில் இருந்த வரி 2009 ஓகஸ்டில் இல்லையென்றால் அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று கேட்க வேண்டியது சம்பளம் கொடுத்தவரின் கடமை. ஒரு சிறு கடை முதலாளிகூட, வேலைக்கு நின்ற பையன் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்.

இத்தனை வருடங்களில் எந்த அரசாங்கமும் அந்தப் பட்டியலை எடுத்து வைத்து எண்ணி, இத்தனை பேர் என்று நாட்டுக்கு அறிவிக்கவில்லை.

இந்த ஊழியர்கள் எப்படிப்பட்ட நிலையில் வேலை செய்தார்கள் என்பதை, அந்த நாட்களில் இங்கே இல்லாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் வீழ்ந்தது. 2009 ஜனவரி 25இல் இராணுவம் நகரத்துக்குள் திரும்பும் வரை இங்கே ஆட்சி விடுதலைப் புலிகளுடையது. ஆனால் கச்சேரி இயங்கியது. பிரதேச செயலகங்கள், வலயக் கல்வி அலுவலகங்கள், பாடசாலைகள், வைத்தியசாலைகள், தபாலகங்கள் இயங்கின. சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது, சுற்றறிக்கை வந்தது, பரீட்சை வினாத்தாள் வந்தது. வன்னியிலும் நாங்கள்தான் பாடசாலை நடத்துகிறோம், மருந்து கொடுக்கிறோம், உணவு அனுப்புகிறோம் என்று அரசாங்கம் உலக அரங்குகளில் பெருமையாகச் சொன்னது. அது உண்மைதான். அந்த உண்மையைத் தோளில் சுமந்தவர்கள் இந்த ஊழியர்கள். கொழும்பின் உத்தரவுக்கும் புலிகளின் உத்தரவுக்கும் ஒரே நாளில் பதில் சொல்ல வேண்டியவர்களாக அவர்கள் இருந்தார்கள்.

2008 செப்டெம்பரில் நிலைமை மாறியது. மனிதாபிமான அமைப்புகள் எல்லாம் வன்னியை விட்டு வெளியேற வேண்டும், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. கிளிநொச்சியில் இருந்த ஐ.நா. அலுவலகங்களும் மூடப்பட்டன. போக வேண்டாம் என்று மக்கள் வாசலில் நின்று கேட்டார்கள். வெளிநாட்டுப் பணியாளர்கள் போனார்கள். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் தங்கியது. அரசாங்க ஊழியர்களும் தங்கினார்கள். உத்தரவாதம் தர முடியாத இடம் என்று அரசாங்கமே சொன்ன இடத்தில், அரசாங்கத்தின் சொந்த ஊழியர்களுக்கு என்ன உத்தரவாதம் என்று யாரும் கேட்கவில்லை. உணவுப் பங்கீடு, நிவாரணப் பதிவு, காயக்காரரைப் பராமரிப்பது எல்லாம் அன்றோடு அரசாங்க அதிபர், மேலதிக அரசாங்க அதிபர், கிராம அலுவலர், வைத்தியர், தாதியர், சாரதி, சிற்றூழியர் தலையில் விழுந்தன.

அலுவலகங்களும் இடம்பெயர்ந்தன. ஓர் அலுவலகம் என்பது கடைசியில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய இரண்டு இரும்பு அலுமாரி, கயிற்றால் கட்டிய கோவைகள், ஒரு றப்பர் முத்திரை, மைப்பெட்டி என்று சுருங்கியது. எங்கே தறப்பாள் கட்டினோமோ அங்கே அலுவலகம். கிராம அலுவலர் பங்கர் வாசலில் இருந்தபடி குடும்ப அட்டைகளைப் பார்த்து, ஆட்களின் எண்ணிக்கையைக் குறித்து, கையொப்பம் வைத்து முத்திரை குத்திக் கொடுப்பார். அந்தத் தாளைக் கொண்டுபோனால்தான் கூட்டுறவுச் சங்கத்தில் அரிசி, மா, பருப்பு கிடைக்கும். ஷெல் சத்தம் கேட்டால் எல்லோரும் பங்கருக்குள் இறங்குவார்கள். சத்தம் ஓய்ந்ததும் மேலே வந்து, விட்ட பெயரிலிருந்து தொடர்வார்கள்.

வைத்தியசாலைகளின் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சி வைத்தியசாலை தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கே நகர்ந்தது. முல்லைத்தீவு வைத்தியசாலை வள்ளிபுனத்துக்கு வந்தது. 2009 ஜனவரி 20 அளவில் சுதந்திரபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம் உள்ள பகுதியைப் பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அறிவித்தது. அங்கும் ஷெல் விழுந்தது. நூற்றுக்கணக்கான காயக்காரர்கள் கிடந்த புதுக்குடியிருப்பு வைத்தியசாலை ஜனவரி கடைசியிலிருந்து பெப்ரவரி 4 வரை திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. அது அரசாங்க வைத்தியசாலை. அதன் ஆள்கூறுகள் இராணுவத்துக்குத் தெரியும். அங்கே நின்ற வைத்தியர் அரசாங்கச் சம்பளம் பெறுபவர். பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே வைத்தியசாலை எதுவும் இயங்கக் கூடாது, அங்கு இருப்பதெல்லாம் தாக்கத்தக்க இலக்கே என்று அந்த நாட்களில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ச பிரித்தானியத் தொலைக்காட்சி ஒன்றுக்குச் சொன்னார். ஒரு செயலாளரின் அமைச்சு சம்பளமும் மருந்தும் அனுப்ப வேண்டிய வைத்தியசாலையை, இன்னொரு அமைச்சின் செயலாளர் இலக்கு என்கிறார். இரண்டும் ஒரே அரசாங்கம்.

அதன்பின் புதுமாத்தளன். பாடசாலைக் கட்டடத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. வெளியே மரக்கிளைகளில் சேலைன் போத்தல்களைத் தொங்கவிட்டு, நிலத்தில் தறப்பாள் விரித்துக் காயக்காரரைக் கிடத்தினார்கள். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் சேவை காயக்காரரும் நோயாளரும் உறவினருமாகச் சுமார் 14,000 பேரை வெளியேற்றியது. அவர்களைத் தெரிந்தெடுத்து, துண்டு எழுதி, படகில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பியவர்களில் பலர் தாங்கள் ஏறவில்லை. கடைசியில் முள்ளிவாய்க்கால். மே 12ஆம் திகதி அங்கிருந்த தற்காலிக வைத்தியசாலை மீது விழுந்த ஷெல்லில் பல பத்துப் பேர் இறந்தார்கள்.

இனி, அந்த ஊழியர்கள் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடலின் மையம் அதுதான்.

2009 மார்ச்சில் முல்லைத்தீவு, கிளிநொச்சி பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களாக இருந்த வைத்தியர்கள் துரைராஜா வரதராஜாவும் தங்கமுத்து சத்தியமூர்த்தியும் சுகாதார அமைச்சுக்கு எழுதினார்கள். மயக்க மருந்து இல்லை, நுண்ணுயிர்க் கொல்லி மருந்து இல்லை, சேலைன் இல்லை. வைத்தியசாலையில் நடந்த மரணங்களில் பெரும்பாலானவற்றை அடிப்படை வசதியும் மருந்தும் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அதே காலத்தில் முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபர் பார்த்தீபன், உள்ளே சுமார் 330,000 பேர் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டுக் கொழும்புக்கு அறிவித்தார். கொழும்பு சொல்லிக்கொண்டிருந்த தொகை 70,000. அவருக்குப் போன பதிலில், அந்தக் கணக்குக்கு அடிப்படை இல்லை என்ற கண்டனமும் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படலாம் என்ற எச்சரிக்கையும் இருந்ததை ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

எந்தக் கணக்கு சரி என்று சில வாரங்களில் தெரிந்தது. யுத்தம் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக்பாமிலும் மற்ற முகாம்களிலும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தார்கள். 70,000 பேருக்கு என்று அனுப்பிய அரிசியும் மருந்தும் அவர்களுக்கு எப்படிப் போதும்? ஆட்தொகையைக் குறைத்துச் சொன்னால் உணவு குறையும், மருந்து குறையும், அதனால் சாவு கூடும். ஓர் அரசாங்க உத்தியோகத்தர் தன் கடமையைச் சரியாகச் செய்து சரியான தொகையைச் சொன்னார். அதற்குக் கிடைத்தது எச்சரிக்கைக் கடிதம். தவறான தொகையைச் சொன்னவர்களுக்கு எந்தக் கடிதமும் போனதாக நாம் அறியோம்.

மே நடுப்பகுதியில் அந்த வைத்தியர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஜூலை 8ஆம் திகதி அவர்கள் உட்பட ஐந்து வைத்தியர்களைக் கொழும்பில் ஊடகவியலாளர் முன் இருத்தினார்கள். தாங்கள் சொன்ன இழப்புத் தொகைகள் மிகைப்படுத்தப்பட்டவை, புலிகளின் அழுத்தத்தில் சொன்னவை என்று அவர்கள் சொல்ல வேண்டி வந்தது. ஓகஸ்டில் பிணையில் விட்டார்கள். பின்னர் வெளிநாடு சென்ற வைத்தியர் வரதராஜா, அன்று பேசியது சுயவிருப்பில் பேசியது இல்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். வைத்தியர் சத்தியமூர்த்தி நாட்டிலேயே தங்கி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளராகவும் கடமையாற்றினார். பொய் சொன்னவர் என்று உலகத்தின் முன் நிறுத்திய வைத்தியரிடமே அரசாங்கம் பிறகு வடக்கின் மிகப் பெரிய வைத்தியசாலையை ஒப்படைத்தது. அப்படியானால் 2009 ஜூலை 8இல் நடந்தது என்ன? அந்தக் கேள்விக்கு அரசாங்கம் எழுத்தில் பதில் சொல்லவில்லை.

அந்த ஊடகச் சந்திப்பை முகாம்களில் இருந்த ஊழியர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை நான் அறிவேன். கண்டதைச் சொன்னால் என்ன ஆகும் என்ற பாடம் ஒவ்வொருவருக்கும் அன்று போய்ச் சேர்ந்தது. அதன்பின் யாரும் எழுதவில்லை. கடமையில் இறந்த சக ஊழியரின் பெயரைக்கூடப் படிவத்தில் எழுத யோசித்தார்கள்.

புலிகளை விட்டுவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. மக்களை வெளியேற விடாமல் மறித்தவர்கள் அவர்கள். தப்பிப் போனவர்களைச் சுட்டதும், பிள்ளைகளை வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போனதும், மக்கள் செறிந்த இடங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அருகிலிருந்து ஷெல் அடித்ததும் நடந்தவை. அதே நிபுணர் குழு அவற்றையும் பதிவு செய்திருக்கிறது. அரசாங்க ஊழியர்களின் பிள்ளைகளும் அந்தப் பிடிப்புக்குத் தப்பவில்லை. அந்தக் குற்றங்களுக்கும் பதில் வேண்டும். ஆனால் சம்பளமும் கட்டளையும் கொடுத்த அரசாங்கத்தின் பொறுப்பு இதனால் குறைந்துவிடாது. ஜெனீவா உடன்படிக்கைகளை இலங்கை 1959இலேயே ஏற்றது. அவற்றை உள்நாட்டுச் சட்டமாக்கும் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் 2006இல், யுத்தம் மீண்டும் மூண்ட அதே ஆண்டில், நிறைவேறியது. அதை நிறைவேற்றியது நீங்கள் இன்று அமர்ந்திருக்கும் அதே பாராளுமன்றம்.

மற்றவர்கள் தங்கள் பணியாளருக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அந்த இறுதி வாரங்களில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் வன்னியில் தன் பணியாளர் மூவரை இழந்தது. அதை அன்றே உலகத்துக்கு அறிவித்தது. 2015 ஒக்டோபர் 3இல் ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வைத்தியசாலையை அமெரிக்க விமானம் தாக்கியது. இறந்தவர்கள் 42 பேர், அவர்களில் 14 பேர் தங்கள் ஊழியர் என்று அந்த அமைப்பு எண்ணிச் சொன்னது. தாக்கிய இராணுவமே விசாரணை நடத்தி அடுத்த ஆண்டு அறிக்கை வெளியிட்டது. யாரும் குற்றவியல் வழக்கைச் சந்திக்கவில்லை என்பது அதன் பெருங்குறை. ஆனாலும் எத்தனை பேர், யார் யார், எந்தத் தாக்குதலில் என்பது பதிவாயிற்று. இங்கே கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, வைத்தியசாலைகள் மீது ஷெல் விழுந்தது உண்மை என்று 2011இல் ஏற்றுக்கொண்டது. யார் ஏவியது என்று தீர்மானிக்க முடியவில்லை என்று அங்கேயே நிறுத்திக்கொண்டது. அந்த வைத்தியசாலைகளில் கடமையிலிருந்தவர்கள் யார் என்று வரவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கவும் யாரும் இல்லை.

இதில் காசுப் பிரச்சினையும் இருக்கிறது. பயங்கரவாதச் செயலால் இறந்த அல்லது ஊனமுற்ற அரசாங்க ஊழியருக்கு இழப்பீடு வழங்கும் பொது நிர்வாகச் சுற்றறிக்கைகள் 1980களின் இறுதியிலிருந்து இருக்கின்றன. தெற்கில் குண்டு வெடிப்பில் இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டிய உதவி. ஆனால் அரசாங்கத்தின் ஷெல்லில் அரசாங்கத்தின் தாதி இறந்தால் அவருடைய கணவர் அந்தப் படிவத்தில் எதை எழுதுவது? காரணம் என்ற கூட்டில் உண்மையை எழுதினால் விண்ணப்பம் நிற்கும். பொய்யை எழுதினால் காசு வரும், மனம் நிற்கும். காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவிக்கு இன்னொரு இக்கட்டு. ஓய்வூதியத்துக்காக மரணச் சான்றிதழ் எடுத்தால் கணவர் இறந்தார் என்று அவரே ஒப்பமிட்டதாகிவிடும். 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் வந்தது. அதையும் ஏற்க மறுத்து, 2017 மார்ச் 8இலிருந்து முல்லைத்தீவில் தொடர் போராட்டத்தில் இறங்கிய தாய்மாரையும் மனைவிமாரையும் நீங்கள் சந்தித்திருப்பீர்கள். எனக்கு வேண்டியது தாள் அல்ல, ஆள் என்று அவர்கள் சொல்வதில் எந்தப் பிடிவாதமும் இல்லை.

பழையதைக் கிளறி என்ன பயன், இன்றைக்கு ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லை, அதைக் கேளுங்கள் என்று இங்குள்ள மக்களே சொல்லக்கூடும். அந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன். முல்லைத்தீவுக்கு நியமனம் கிடைத்தவர்கள் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டே கடமையை ஏற்கிறார்கள். ஆசிரியர்கள் பலர் விடியற்காலையில் வெளி மாவட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து பிற்பகலில் திரும்புகிறார்கள். கஷ்டப் பிரதேச சேவை முடிந்ததும் போய்விடுகிறார்கள். துணுக்காயிலும் மாந்தை கிழக்கிலும் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பது பெற்றோருக்குப் பழகிப்போன செய்தி. வீதி மோசம், விடுதி இல்லை, பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை இல்லை என்ற காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் இங்கே நின்றவர்களுக்கு ஆபத்து வந்தபோது அரசாங்கம் எப்படி நடந்துகொண்டது என்பதும் ஊழியர் மத்தியில் வாய்மொழியாக இன்றும் உலவுகிறது. நின்றவர்களை மறந்த அரசாங்கம், மற்றவர்களை வந்து நில்லுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்கும்?

வெற்றிடத்தை நிரப்பிய விதத்தையும் பாருங்கள். வன்னியின் முன்பள்ளி ஆசிரியைகள் பலர் யுத்தத்துக்குப் பின் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். மாகாண நிர்வாகம் கொடுத்த சிறு கொடுப்பனவைவிடப் பலமடங்கு அங்கே கிடைத்தது. குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் அதை ஏற்றதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அரிவரி சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் கொடுக்கப் பாதுகாப்புப் பக்கத்தில் பணம் இருக்கிறது, கல்விப் பக்கத்தில் இல்லை என்பதுதான் கேட்க வேண்டிய விடயம்.

பாதுகாப்பு என்பதும் 2009ஓடு முடிந்த கதை இல்லை. குருந்தூர்மலை விகாரை வழக்கில் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா, உயிர் அச்சுறுத்தலும் அழுத்தமும் இருப்பதாகக் குறிப்பிட்டு 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறினார். அதற்கு முன் பாராளுமன்றத்துக்குள்ளேயே அவரைத் தாக்கிப் பேசினார்கள். வடக்கின் சட்டத்தரணிகள் நீதிமன்றங்களைப் பகிஷ்கரித்தார்கள், மனிதச் சங்கிலி நடந்தது, ஒக்டோபர் 20இல் ஹர்த்தால் நடந்தது. யுத்தம் முடிந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகு நீதிபதி ஒருவருக்கே இந்த நிலை என்றால், ஒட்டுசுட்டானில் காணிப் பதிவை எழுதும் கிராம அலுவலர் எந்தத் துணிவில் உண்மையை எழுதுவார்?

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

1. 2008 செப்டெம்பர் முதல் 2009 மே வரையிலான சம்பளப் பட்டியல்களையும் தனிப்பட்ட கோவைகளையும் வைத்து, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் கடமையில் இருந்து இறந்த, காயப்பட்ட, காணாமல் ஆக்கப்பட்ட ஊழியர்களின் பதிவேடு தயாரிக்கப்பட வேண்டும். மத்திய, மாகாண ஊழியர் இரு தரப்பும் அதில் வர வேண்டும். குடும்பத்தின் சம்மதத்தோடு மட்டும் பெயர் வெளியாக வேண்டும்.

2. பட்டியலில் பெயரே இல்லாமல் வேலை செய்தவர்களை விட்டுவிடக் கூடாது. வைத்தியசாலைகளைக் கடைசி வரை இயக்கியவர்களில் சுகாதாரத் தொண்டர்கள் இருந்தார்கள். தறப்பாளுக்குள் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பித்தவர்களில் தொண்டர் ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கோவை இல்லை. அந்தந்த நிறுவனத் தலைவர்களின் உறுதிமொழியை ஏற்றுத் தனிப் பகுதியாகப் பதிய வேண்டும்.

3. அந்த ஒன்பது மாதங்களில் வன்னி உத்தியோகத்தர்கள் மருந்துக்கும் உணவுக்கும் அனுப்பிய கோரிக்கைகள், அமைச்சுகள் கொடுத்த அனுமதிகள், மறுப்புகள், எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாவற்றையும் சபையில் சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கும் நாட்டில் இது பெரிய கோரிக்கை இல்லை.

4. சரியான தொகையைச் சொன்னதற்காக விடுக்கப்பட்ட எச்சரிக்கைகள் எழுத்து மூலம் மீளப்பெறப்பட வேண்டும். 2009 ஜூலை 8இல் வைத்தியர்களிடம் பெறப்பட்ட கூற்றுகள் எந்தச் சூழலில் பெறப்பட்டவை என்பதை அரசாங்கம் விசாரித்து அறிவிக்க வேண்டும்.

5. இழப்பீட்டுச் சுற்றறிக்கையில் யார் கையால் இறந்தார் என்ற நிபந்தனை நீங்க வேண்டும். கடமையில் இருந்தார், ஆயுத மோதலில் இறந்தார் என்ற இரண்டும் போதும்.

6. தாபனக் கோவையில் ஆயுத மோதல் காலத்துக்கென்று ஓர் அத்தியாயம் சேர்க்கப்பட வேண்டும். யாரைக் கடமையில் வைத்திருப்பது, யாரை வெளியேற அனுமதிப்பது, அந்த உத்தரவை யார் கையெழுத்திடுவது, தங்குபவருக்கு எந்த மருந்தும் உணவும் பாதுகாப்பும் எத்தனை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், உண்மைத் தகவல் தந்த உத்தியோகத்தரைத் தண்டிக்க முடியாது, அரச நிறுவனம் தாக்கப்பட்டால் எத்தனை நாளில் விசாரணை தொடங்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். இன்னொரு யுத்தம் வரக் கூடாது என்று எல்லோரும் விரும்புகிறோம். வெள்ளம் வராது என்று நம்பி யாரும் குளக்கட்டை உடைத்துவிடுவதில்லை.

7. கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா ஆகிய ஆறு பிரதேச செயலர் பிரிவுகளிலும் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, இன்று இருப்பவர் எத்தனை பேர் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவன வாரியாக வெளியிடச் செய்யுங்கள். முன்பள்ளி ஆசிரியைகளை அதே சம்பளத்தோடு கல்வித் துறைக்கு மாற்றச் செய்யுங்கள்.

இவற்றைக் கேட்க உங்களுக்குத் தனி அதிகாரம் எதுவும் தேவையில்லை. அரசாங்கப் பணத்தின் மீது பாராளுமன்றத்துக்கு இருக்கும் அதிகாரமே போதும். 2009இல் வன்னி ஊழியர்களின் சம்பளத்துக்கு நிதி ஒதுக்கி வாக்களித்தது பாராளுமன்றம். அந்தப் பணம் யாருக்குப் போனது, பெற்றவர் இன்று எங்கே என்று கேட்பது கணக்குக் கேள்வி. அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவில் அதைக் கேட்கலாம். வாய்மூல விடைக்கான வினாவாகக் கேட்கலாம். வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் பொது நிர்வாக அமைச்சு, சுகாதார அமைச்சு, கல்வி அமைச்சு ஆகியவற்றின் செலவினத் தலைப்புகள் வரும்போது ஒருவர் பின் ஒருவராக எழுந்து கேட்கலாம். ஆளும் தரப்பில் இருப்பவர் உள்ளே இருந்து அமைச்சரிடம் கேட்கலாம். எதிர்த்தரப்பில் இருப்பவர் வெளியே இருந்து கேட்கலாம். ஷெல் விழும்போது பங்கருக்குள் இருந்தவர்களைக் கட்சி பார்த்து யாரும் பிரிக்கவில்லை.

எங்கள் பங்குக்கு ஒன்று செய்கிறோம். மெனிக்பாமுக்கும் பிறகு மீள்குடியேறிய வீட்டுக்கும் கொண்டுவந்து இன்றும் பலர் பாதுகாத்து வைத்திருக்கும் நியமனக் கடிதங்கள், கடமை அட்டைகள், கடைசிச் சம்பளத் துண்டுகள் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. ஓய்வுபெற்ற அதிபர்கள், தாதியர், கிராம அலுவலர்கள் கூடி, குடும்பங்களின் விருப்பத்தோடு பிரதிகளைச் சேர்க்க ஆயத்தமாக இருக்கிறோம். நீங்கள் வினாவைச் சமர்ப்பிக்கும் திகதியைச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்தப் பிரதிகளை உங்கள் அலுவலகங்களில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர் ஒருவர்,
முல்லைத்தீவு.